நிழலுக்கு ஏன் நிஜத்தின் பெயர்?

பெயர் என்பது ஓர் உறுதிமொழி. 'நெய்' என்று எழுதிய கலத்தில் வனஸ்பதியை நிரப்பி விற்பவரை நாம் வணிகர் என்று மதிப்பதில்லை. வனஸ்பதி நஞ்சன்று, அடுப்படிக்கு உதவும் பொருள்தான். வனஸ்பதி என்றே சொல்லி விற்றிருந்தால் அவர்மீது எவருக்கும் வழக்கில்லை. நெய் என்று சொன்ன கணத்தில்தான் அது பொய்யாயிற்று. சந்தைக்கு வரும் சிறுவனுக்கும் விளங்கும் இந்த எளிய நீதி, இசையுலகில் மட்டும் இன்று எவருக்கும் விளங்காமற் போனது ஏனோ?

இசையமைக்க உதவும் செயலிகள் கைப்பேசியிலும் கணினியிலும் இன்று பெருகிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் திறந்தால் கருவிகளின் பட்டியல் விரிகிறது. வயலின், செல்லோ, புல்லாங்குழல், சித்தார், ஊத் என்று பெயர்கள் அணிவகுக்கின்றன. பெயருக்குப் பக்கத்தில் மெருகேறிய மரத்தின் படம். கண்ணாடியைத் தொட்டால் ஓசை எழுகிறது. அதே பட்டியலின் வேறொரு மூலையில் 'சிந்தசைசர்' என்றொரு பகுதியும் இருக்கிறது. அங்கே மரப்படம் இல்லை; திருகுகளும் அளவுகோல்களும் மட்டுமே உள்ளன.

இவ்விரண்டையும் பார்ப்போர், முன்னது 'அசல் வாத்தியம்' என்றும் பின்னது 'செயற்கை ஒலி' என்றும் தீர்ப்பளித்து விடுகின்றனர். இத்தீர்ப்பு தலைகீழானது என்பதே நம் வாதம். செயலியில் ஊத் என்று பெயர் சூடி நிற்பது ஊத் அன்று. சிந்தசைசர் என்று பெயர் சூடி நிற்பதோ சிந்தசைசர்தான். பொய் எது, மெய் எது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பிறப்பின் வேறுபாடு

முதலில் இவை பிறக்கும் வழியை அறிந்து கொள்வோம்.

செயலியில் உள்ள பாவனைக் கருவிகளுள் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் ஒலிப்பதிவே. ஒரு கலைஞரை ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்த்துவர். அவர் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே, மெல்லவும் ஓங்கியும் வாசிப்பார். அவ்வொலிகள் துண்டுகளாக நறுக்கப்பட்டுக் கட்டைக்கு இத்தனை என்று அடுக்கி வைக்கப்படும். நாம் கட்டையை அழுத்தும்போது, என்றோ எழுந்து அடங்கிய அந்த ஒலி மீண்டும் ஓடுகிறது. இம்முறை புதிதுமன்று. 1963 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உருவான மெல்லோட்ரான் என்னும் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா இருந்தது. அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய எட்டு வினாடியில் தீர்ந்துவிடும். 1979 இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஃபேர்லைட் என்னும் கணினிக் கருவி நாடாவை அகற்றி எண்களை வைத்தது. இன்று நாடாவும் இல்லை, எட்டு வினாடி எல்லையும் இல்லை. ஆயினும் அடிப்படை மாறவில்லை. வேறொருவர் வேறொரு நாளில் வேறெதையோ எண்ணி எழுப்பிய ஒலியைத்தான் நம் விரல் திறந்துவிடுகிறது.

சிந்தசைசரின் பிறப்பு வேறு. அங்கே மின்னலை ஒன்று அப்போதே எழுப்பப்படுகிறது. அது வடிகட்டப்படுகிறது, வளைக்கப்படுகிறது, எழும் வேகமும் அடங்கும் வேகமும் வாசிப்பவராலேயே வகுக்கப்படுகின்றன. 1964 இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் மின்னழுத்தத்தால் இயங்கும் இத்தகைய கருவியை அமைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் பூக்ளா தாம் அமைத்த கருவியில் பியானோக் கட்டைகளையே விலக்கிவிட்டுத் தொடுதகடுகளைப் பொருத்தினார். 1967 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங், ஓர் அலையின் அதிர்வை இன்னோர் அலையால் அசைத்துப் புதுப்புது ஒலிக்குணங்களைப் பிறப்பிக்கும் முறையைக் கண்டறிந்தார். இவற்றில் எங்கும் பிறர் கையின் எச்சம் இல்லை. அந்த ஒலிக்கு முன்னோர் எவரும் இல்லை. அது தானே தனக்கு முதல்.

ஆகவே சிந்தசைசர் வாசிப்பவர் ஒரு கருவியை வாசிக்கிறார். பாவனைக் கருவியைத் தொடுபவர் ஒரு கலைஞரின் பழைய நாளைத் தொடுகிறார். அந்தச் சிந்தசைசரே நாளை 'வயலின்' என்று பெயர் சூட்டிக் கொண்டு வந்தால் அதுவும் இதே குற்றக் கூண்டில்தான் ஏற வேண்டும்.

ஸல்ஸலின் நடுவிரல்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கருவியை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். ஊத் என்னும் அரபு யாழையே எடுத்துக் கொள்வோம். 'அல் ஊத்' என்ற சொல்லுக்கு மரம் என்பதே பொருள். ஐரோப்பியர் 'லூட்' என்று வழங்கும் கருவிக்குப் பெயர் தந்ததும் இச்சொல்லே. மரம் என்றே பெயர் பெற்ற ஒரு கருவியை, மரத்தின் ஒரு சிராய்கூட இல்லாமல் அதே பெயரில் விற்பது எத்தகைய விந்தை!

ஊத் கலைஞர் 'ரீஷா' என்னும் மீட்டுகோலால் வாசிக்கிறார். ரீஷா என்றால் இறகு. கழுகின் இறகால் மீட்டிய மரபு அப்பெயரில் இன்றும் வாழ்கிறது. அந்த ரீஷா குதிரையின் அருகே தந்தியைத் தொட்டால் ஒலிக்கு ஒரு குணம்; நடுப்பகுதியில் தொட்டால் வேறொரு குணம். முன்சுரத்தின் அதிர்வு அடங்குமுன் பின்சுரம் எழுமானால் இரண்டும் மரவயிற்றினுள் கலந்து மூன்றாவதொரு நிறம் பிறக்கும். இடக்கை விரல் மெட்டில்லாத கழுத்தின்மீது வழுக்கிச் செல்லும் வழியெல்லாம் சுரமே. இவற்றுள் எதுவும் ஒரு கட்டைக்குள் அடங்குவதன்று. கண்ணாடித் திரைக்குத் தெரிந்தவை இரண்டே: எந்தக் கட்டை, எவ்வளவு வேகம்.

இன்னும் ஆழமான இழப்பு ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டில் அப்பாசியரின் பக்தாதில் மன்ஸூர் ஸல்ஸல் என்னும் ஊத் மேதை வாழ்ந்தார். அந்நாளைய ஊதின் கழுத்தில் மெட்டுகள் கட்டப்பட்டிருந்தன. நடுவிரலுக்குரிய இடத்தில் ஸல்ஸல் புதியதொரு மெட்டை வழக்கில் கொண்டு வந்தார். நம் இசைமொழியில் சொன்னால், அது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே நிற்பது. அவருக்குப் பின் அதன் பெயரே 'வுஸ்தா ஸல்ஸல்', அதாவது 'ஸல்ஸலின் நடுவிரல்' என்றாயிற்று. 950 இல் மறைந்த பேரறிஞர் அல் ஃபாராபி, தம் 'கிதாபுல் மூசீக்கல் கபீர்' என்னும் பெருநூலில் இந்த மெட்டையும் அளந்து கணக்கிட்டு வைத்தார். ஒரு ஸ்தாயியை 1200 செண்ட்டாகப் பகுக்கும் இன்றைய அளவையில் அது ஏறக்குறைய 355 இல் விழும்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று நோக்க வேண்டும். ஒரு மனிதரின் விரல் ஒரு சுரமாயிற்று. அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்த தத்துவ மேதை, அந்த விரல் நின்ற இடத்துக்குத் தம் அளவுகோலைக் கொண்டு சென்றார். அளவுகோலுக்கு ஏற்ப விரலை வெட்ட அவர் துணியவில்லை.

இனிச் செயலிக்கு வருவோம். அதன் கட்டைகளில் ஒன்று 300 இல் நிற்கிறது. அடுத்தது 400 இல் நிற்கிறது. ஸல்ஸலின் நடுவிரலுக்கு அங்கே இடமில்லை. ராஸ்த், பயாத்தி, ஸீகா முதலிய மகாம்கள் இத்தகைய இடைச்சுரங்களில்தான் உயிர் வாழ்கின்றன. அவ்விடைச்சுரமும் ஊருக்கு ஊர் மாறும். துருக்கியில் சற்று ஏறி நிற்கும், எகிப்தில் சற்று இறங்கி நிற்கும். ஊதின் ஒலித்தோலை உரித்தெடுத்துப் பியானோவின் எலும்புக்குப் போர்த்தி, 'இதோ ஊத்' என்கிறது செயலி. அதைத் தொட்டுப் பழகும் சிறுவன் ராஸ்த் மகாமை ஒருநாளும் கேட்கமாட்டான். தான் கேட்கவில்லை என்பதையும் அறியமாட்டான். அறியாமையைவிட, அறிந்துவிட்டதாக எண்ணும் அறியாமையே கொடியது.

இக்கேள்வி நேற்று முளைத்ததுமன்று. 1932 இல் கெய்ரோவில் மன்னர் ஃபுஆதின் ஆதரவில் அரபு இசை மாநாடு கூடியது. ஹங்கேரியிலிருந்து பேலா பார்டோக்கும் ஜெர்மனியிலிருந்து பால் ஹிண்டெமித், கர்ட் ஸாக்ஸ் போன்றோரும் வந்திருந்தனர். அரபு இசையில் பியானோவுக்கு இடம் உண்டா, கால்சுரம் ஒலிக்கும் பியானோவைச் செய்துகொண்டால் போதுமா என்றெல்லாம் அங்கே கடும் விவாதம் நிகழ்ந்தது. அன்று விவாதமாவது நடந்தது. இன்று செயலியோ விவாதத்துக்கே இடமின்றி வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது.

128 பெயர்கள்

இந்த நிலை எவ்வாறு வந்தது? 1983 இல் மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 'மிடி' என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. அதில் சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஒரு பியானோக் கட்டை. 1991 இல் 'ஜெனரல் மிடி' என்னும் விதி வந்து, எல்லாக் கருவிகளும் பின்பற்றுவதற்காக 128 ஒலிகளின் பட்டியலை வகுத்தது.

அப்பட்டியலைப் படித்துப் பார்ப்பவர் சிரிப்பதா வருந்துவதா என்று திகைப்பர். பியானோ, ஆர்கன், கிட்டார், பித்தளைக் குழல்கள் என்று ஐரோப்பியக் கருவிகள் வகைவகையாய் வீற்றிருக்கின்றன. 105 முதல் 112 வரையிலான எட்டு இடங்கள் மட்டும் 'இனக்குழுக் கருவிகள்' என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டுள்ளன. சித்தார், பாஞ்சோ, ஷாமிசென், கோட்டோ, கலிம்பா, பேக்பைப், ஃபிடில், ஷெனாய் ஆகியவை ஒரே திண்ணையில் நெருக்கியடித்து உட்கார வைக்கப்பட்டன. ஊத் இல்லை, நை இல்லை, கானூன் இல்லை. வீணையும் நாகசுரமும் இல்லை. ஆனால் 125 இல் தொலைபேசி மணி உண்டு. 126 இல் ஹெலிகாப்டர் உண்டு. 128 இல் துப்பாக்கிச் சூடு உண்டு! ஆயிரமாண்டு மரபுடைய கருவிகளுக்குக் கிடைக்காத எண், துப்பாக்கிக்குக் கிடைத்தது.

பின்னர் வந்த செயலிகளில் ஊதும் வந்தது, நையும் வந்தது. எண்ணிக்கை பெருகிற்று. ஆனால் அவை வந்து அமர்ந்தது அதே பன்னிரண்டு கட்டைகளின் சிறைக்குள்தான்.

மறுப்புகளும் மறுமொழியும்

நம் கூற்றை மறுப்போர் பலர். அவர்தம் வாதங்களை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

'காதுக்கு வேறுபாடே தெரியவில்லையே' என்பர் சிலர். ஒற்றைச் சுரத்தை ஒலித்துக் காட்டி எது அசல் என்று கேட்டால் தேர்ந்த காதும் தடுமாறக்கூடும், மறுக்கவில்லை. அந்த ஒற்றைச் சுரம் அசலின் பதிவே அல்லவா? ஆனால் இசை ஒற்றைச் சுரமன்று. தமிழின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு நல்ல நாவினின்று தனித்தனியே பதிந்து வைத்து, வேண்டும்போது கோத்துக்கொண்டால் அது பேச்சாகிவிடுமா? ழகரம் சரியாக இருக்கலாம்; ஆனால் கோபமும் கனிவும் எங்கிருந்து வரும்? சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள வெளியில்தான் இசை பேசுகிறது. அந்த வெளியை எவரும் பதிந்து வைக்கவில்லை. ஊத் கலைஞர் ஒருவர் 'தக்ஸீம்' என்னும் மனோதர்ம வாசிப்பில் கால்மணி நேரம் செய்வதைச் செயலியின் ஊதிடம் கேட்டுப் பாருங்கள், வேடம் கலைந்துவிடும்.

'ஏழை மாணவன் எத்தனை வாத்தியம் வாங்குவான்? அவன் கைக்கு ஓர் இசைக்குழுவையே தந்த செயலியைப் பழிக்கலாமா?' என்பர் வேறு சிலர். இது கனமான வாதம். இசையமைப்பவர் தம் மனத்திலுள்ளதை வரைந்து பார்ப்பதற்கு இப்பதிவுகள் மெய்யாகவே உதவுகின்றன. வீடு கட்டுமுன் வரைபடம் தேவை. அதை இகழ்வார் அறிவிலி. நாம் சொல்வது ஒன்றே: வரைபடத்தை வீடு என்று சொல்லி வாடகைக்கு விடாதீர். அன்றியும் அந்த ஏழை மாணவனுக்கே அதிக அநீதி நேர்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை ஆசானிடம் சென்று மரத்தைத் தொட்டுக் கற்கும். ஏழைப் பிள்ளையிடம் நிழலைக் கொடுத்து, 'உனக்கு இது போதும்' என்கிறோம். மலிவாய்க் கொடுப்பது நற்செயல்தான். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுப்பதல்லவா நேர்மை?

மூன்றாவது சாரார் தூய்மைவாதிகள். 'மின்சாரம் தொட்டதெல்லாம் போலி. சிந்தசைசரும் போலி, ஒலிப்பதிவும் போலி. இரண்டையும் விலக்குக' என்பது இவர்கள் கூற்று. நல்ல நோக்கத்தோடு தவறான இலக்கை அடிப்பவர்கள் இவர்கள். 1982 இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தில் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களையும் மின்தாளக் கருவிகளையும் தடைசெய்ய வேண்டும் எனத் தீர்மானம் கொண்டு வந்தது. ஒரு பாடகரின் சுற்றுப்பயணத்தில் வாத்தியக் குழுவின் இடத்தைச் சிந்தசைசர்கள் பிடித்ததே அந்தக் கொந்தளிப்புக்கு முதற்காரணம். சங்கம் முழுமையும் அதை ஏற்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக எழுந்த அக்குரலை நாம் மதிக்கிறோம். ஆயின் எண்ணிப் பாருங்கள்: வயலின் கலைஞரின் சோற்றில் மண் விழுந்தது எதனால்? சிந்தசைசர் தன் சொந்தக் குரலில் பாடியதனாலா? அது வயலினின் குரலை இரவல் வாங்கிப் பாடியதனால் அல்லவா? குற்றம் கருவியில் இல்லை, வேடத்தில் இருந்தது.

வேடம் கலைந்த இடத்தில்தான் இக்கருவிகள் கலையாயின என்பதற்கு வரலாறே சான்று. 1980 இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்னும் தாளக் கருவியை வெளியிட்டது. தோற்கருவிகளின் ஒலியை மின்சுற்றுகளால் ஆக்க முயன்றது அது. அசல் முரசைப் போல ஒலிக்கவில்லை என்று பலரும் குறை கூறினர். 1983 இல் அதன் உற்பத்தியே நின்றது. பின்னர் பழைய கடைகளில் மலிவாய்க் கிடைத்த அக்கருவியை அமெரிக்க நகரங்களின் ஏழை இளைஞர்கள் எடுத்து, எதைப் போலவும் ஒலிக்காத அதன் ஆழ்ந்த அதிர்வையே அடித்தளமாக்கிப் புதியதோர் இசையை எழுப்பினர். அதே நிறுவனத்தின் டிபி-303 பாஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்து தோற்றது. 1980களின் நடுவில் சிகாகோ இளைஞர் கையில் தன் சொந்தக் குரலைக் கண்டுகொண்டது. போலியாகத் தோற்றவை கருவியாக வென்றன!

அரபுலகிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1944 இல் கெய்ரோவில் ஹலீம் அத்தப் என்னும் இளைஞர், கம்பியில் ஒலியைப் பதியும் அந்நாளையப் பொறி ஒன்றை எடுத்துச் சென்று, பெண்கள் நடத்தும் 'ஸார்' சடங்கின் பாடல்களைப் பதிந்தார். அவற்றை அப்படியே மீண்டும் ஒலிக்கச் செய்து 'இதோ ஸார்' என்று அவர் காட்டவில்லை. நிலையத்தில் அமர்ந்து, குரலின் தொடக்கங்களை நீக்கி, எதிரொலிகளைக் கூட்டி, முன் எவரும் கேட்டிராத ஓர் ஒலியுலகைப் படைத்தார். பதிவு என்னும் அதே பொறி ஒருவர் கையில் படைப்பாகிறது; இன்னொருவர் கையில் நகலாகிறது. வேறுபாடு பொறியில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இறுதியாக, 'பொறுங்கள், நுட்பம் வளர்கிறது. நாளை எல்லாம் சரியாகும்' என்பர். வளர்வது உண்மையே. 1983 இல் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்னும் இருவர் மீட்டிய தந்தியின் ஒலியைப் பதிவின்றிக் கணக்கினாலேயே எழுப்பும் வழியை வெளியிட்டனர். 1994 இல் யமஹா நிறுவனத்தின் விஎல்1, குழலினுள் காற்று இயங்கும் முறையையே கணித்து ஒலித்தது. 2018 இல் மிடி மொழி விரிவு பெற்று, ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனியே வளைக்க வழி பிறந்தது. இவற்றை வரவேற்கிறோம். இவை பழத்தின் மெழுகு உருவத்தை விடுத்து, மரம் காய்க்கும் முறையைப் படிக்கின்றன. ஆயினும் கற்கும் குழந்தைக்கு வேண்டியது நாளைய வாக்குறுதியன்று, இன்றைய உண்மை. அந்த நுட்பங்களும் எவ்வளவு வளர்கின்றனவோ அவ்வளவுக்குத் தமக்கெனப் பெயர் கொள்ளும் தகுதியைப் பெறுகின்றன. தகுதி வந்தபின் இரவல் பெயர் எதற்கு?

நாம் வேண்டுவது

ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் பனூ மூஸா சகோதரர் மூவர் வாழ்ந்தனர். நீரின் விசையால், முளைகள் பதித்த உருளை சுழன்று, ஆள் இன்றியே குழலொலி எழுப்பும் பொறியை அவர்கள் வகுத்தனர். அதைப் பற்றி எழுதியபோது 'தானே குழலூதும் கருவி' என்றே பெயரிட்டனர். அதில் ஒரு பொய்யும் இல்லை. செய்வதைச் சொன்னார்கள், சொன்னதைச் செய்தது பொறி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த நாணயத்தைத்தான் இன்றைய செயலி வணிகரிடம் நாம் கேட்கிறோம்.

ஊதின் பதிவை 'ஊத் ஒலிப்பதிவு' என்று எழுதுக. எவருடைய விரல் அதை வாசித்ததோ அவருடைய பெயரைப் பக்கத்தில் பொறிக்க; ஒருநாள் கூலியோடு அவரை மறந்துவிடாமல், விற்குந்தோறும் அவருக்குரிய பங்கைத் தருக. ஊத் என்று ஒன்றைத் தருவதானால் ஸல்ஸலின் நடுவிரலுக்கு இடமளித்துத் தருக; வீணை என்று ஒன்றைத் தருவதானால் கமகத்துக்கு வழிசெய்து தருக. சிந்தசைசரைப் பட்டியலின் மூலையிலிருந்து எடுத்து, தனக்கென இலக்கணமுள்ள கருவியாக வைத்துக் கற்பிக்க. ஆசிரியரும் பெற்றோரும் இவ்வளவேனும் செய்யட்டும்: குழந்தை செயலியில் ஊதைத் தொடும்போது, 'இது ஊதின் நிழல்; ஊத் வேறிடத்தில் இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும்.

இது ஆகாத காரியம் என்பார்க்கு நம் முன்னோரையே சான்று காட்டுவோம். தமிழை அரபு எழுத்தில் எழுத முனைந்தபோது அரபியின் இருபத்தெட்டு எழுத்துகள் தமிழொலிக்குப் போதவில்லை. போதாத எழுத்துகளுக்குள் தமிழைத் திணித்து, 'இனி இதுவே தமிழ்' என்று அவர்கள் சொன்னார்களா? இல்லை. இருந்த எழுத்துகளுக்குப் புள்ளிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கி, டகரத்துக்கும் பகரத்துக்கும் ளகரத்துக்கும் ழகரத்துக்கும் இடம் கண்டனர். ஒலிக்காக எழுத்தை விரித்தனர். எழுத்துக்காக ஒலியைக் குறைக்கவில்லை. மையும் இறகும் மட்டுமே கையிலிருந்த காலத்தில் அவர்களால் அது இயன்றது. கோடிக்கணக்கான எண்களைக் கண்ணிமைப்பில் கூட்டிக் கழிக்கும் பொறியைக் கையில் வைத்திருப்போரால் ஏன் இயலாது? இயலாமை பொறியில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது.

சிந்தசைசர் சிந்தசைசராக ஒலிக்கட்டும். ஊத் ஊதாக ஒலிக்கட்டும். பதிவு, பதிவு என்று சொல்லிக்கொண்டு ஒலிக்கட்டும். மூன்றுக்கும் இவ்வுலகில் இடமுண்டு. பொய்ப் பெயருக்கு மட்டும் இடம் வேண்டாம்.